தரையில் இறக்குவது

நெஞ்சை அமுக்கிப் பழகுவதற்கான அந்த ரப்பர் பொம்மையை எங்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் முதலில் மேஜைமேல்தான் வைத்திருந்தார்கள். கை இல்லை, கால் இல்லை. தலையும் நெஞ்சும் மட்டும். திடீரென்று இதயம் நின்று விழுபவரை ஆம்புலன்ஸ் வரும்வரை எப்படிக் காப்பாற்றி வைப்பது என்று ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. சனிக்கிழமை விடுமுறையைத் தின்றுவிட்டார்களே என்ற எரிச்சலோடுதான் நான் போய் உட்கார்ந்தேன். வகுப்பெடுக்க வந்தவள் அம்பூரிப் பக்கத்து இளம் நர்ஸ். வந்ததும் வராததுமாகப் பொம்மையைத் தூக்கித் தரையில் போட்டாள்.

“ஆளு நெலத்துலதான் கெடக்கணும். மெத்தையில கெடத்தி அமுக்கினா, அமுங்குறது மெத்தையாக்கும். நெஞ்சில்ல” என்றாள்.

ஹாலில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெளியூர்க்காரர்களுக்கு இதில் திகைக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்குவது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூச்சு அடங்கப் போகிறது, அல்லது அடங்கிவிட்டது. தலை தெற்கே, கால் வடக்கே, தலைமாட்டில் விளக்கு. எங்கள் சைவக் குடும்பங்களில் இது இன்னும் கறார். ‘எறக்கியாச்சா?’ என்று ஒருவர் போனில் கேட்டால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காட்டாக்கடையில் இருக்கும் சொந்தக்காரர்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மாள் எழுந்தே கேட்டுவிட்டார். “உசிரு உள்ள ஆளை எப்படி மக்கா நெலத்துல எறக்குறது?”

“உசிரு போயிட்டிருக்குற ஆளாக்கும் அம்மா. எறக்கினாத்தான் பிடிச்சு நிறுத்த முடியும்” என்று நர்ஸ் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நான் ஆம்புலன்ஸில போய் எறங்குற வீட்டுல எல்லாம் ஆளு கட்டில்லதான் கெடப்பாரு. சுத்தி நிண்ணு காலைத் தேய்ச்சிட்டிருப்பாங்க. ஒருத்தரும் எறக்க மாட்டாங்க. பயமாக்கும்.”

எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. முப்பது வருஷமாக இயற்பியல் நடத்தியதால் வந்ததா, அந்த வியாதி இருந்ததால் இயற்பியல் படித்தேனா என்று தெரியாது. அன்றைக்கு அந்தப் பெண்ணை நான் படுத்தாத பாடு இல்லை. எவ்வளவு ஆழம்? நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும், ஆறைத் தாண்டக் கூடாது. எந்த இடம்? இதயம் இடப்பக்கம் என்று நாம் கை வைத்துச் சத்தியம் செய்கிறோமே, அங்கே இல்லை. நட்டநடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில். எவ்வளவு வேகம்? நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. முழங்கையை மடக்கக் கூடாது, தோளின் பாரம் நேராக உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு இறங்க வேண்டும். அது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. கையின் பலம் இல்லை, உடம்பின் எடைதான் வேலை செய்கிறது. என்னிடம் எடைக்குக் குறைவில்லை.

அமுக்குவதைவிட என்னை யோசிக்க வைத்தது விடுவதுதான். ஒவ்வொரு முறை அமுக்கிய பிறகும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப இடம் கொடுக்க வேண்டுமாம். அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப வந்து நிறையும். நிறையாத இதயத்தை அமுக்கி என்ன பயன்? “அமர்த்தணும், பின்னெ விடணும்” என்று அவள் மலையாளத்துக்குத் தாவினாள். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னபடி ஒரு தடவை அமுக்கினார். பிறகு கை இரண்டையும் எடுத்துக்கொண்டு, எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டு, போய் உட்கார்ந்துவிட்டார். விடச் சொன்னதும் விட்டுவிட்டார் மனிதர். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. ‘அமர்த்து’ என்றால் மலையாளத்தில் அழுத்துவது, தமிழில் அடக்கி உட்கார வைப்பது. இரண்டு மொழியையும் ஒரே வாயில் போட்டு மெல்லும் எங்களுக்கு எந்த நேரத்தில் எது நாக்கில் வரும் என்று எங்களுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தும் மெத்தை விஷயம் மண்டையைக் குடைந்தது. அவள் சொன்னது சரியா என்று பார்த்தேவிடுவது என்று திங்கட்கிழமை பள்ளியிலிருந்து ஒரு பழைய வாலிபாலை எடுத்துவந்தேன். தரையில் வைத்து, கையை நீட்டி, எடையைப் போட்டு அமுக்கினேன். பந்து நன்றாக நசுங்கியது. அதையே கட்டிலில் மெத்தைமேல் வைத்து அமுக்கினேன். பந்து அப்படியே உருண்டையாக மெத்தைக்குள் இறங்கிப் போயிற்று, நசுங்கவே இல்லை. கையை எடுத்ததும் துள்ளி ஓடி அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. வாசலில் நின்று பார்த்த என் கணவர், “ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் உண்டு, அதுக்குள்ள கிறுக்கு கிளம்பியாச்சா?” என்று கேட்டார். நான் குனிந்து பந்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். எங்கள் வீடு பாறசாலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டி. அக்கா வீடு நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில், உள்ளே தள்ளி. அத்தான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு முதுகுவலி என்று வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பி, ஒரு ஜாண் கனத்தில் பஞ்சு மெத்தை வாங்கிப் போடச் சொல்லியிருந்தான். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டும். அக்காவுக்கு அந்த மெத்தையில் ஏகப் பெருமை. வருகிறவர்களை எல்லாம் உட்கார வைத்துக் காட்டுவாள்.

சாப்பாடு முடிந்து அத்தான் சாய்ந்துகொள்ளப் போனார். நானும் அக்காவும் பாத்திரங்களை ஒதுக்கினோம். செய்தித்தாள் படிக்கலாம் என்று பார்த்தால் என் கண்ணாடியைக் காணவில்லை. அத்தானின் கண்ணாடியைக் கேட்டு வாங்கலாம் என்று அறைக்குப் போனேன். மல்லாந்து கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. வாய் ஒரு தடவை திறந்து ‘கொர்’ என்றது, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு ‘கொர்’. தோளைப் பிடித்து உலுக்கி “அத்தான், அத்தான்” என்று கத்தினேன். கண் அசையவில்லை.

என் கத்தலைக் கேட்டு அக்கா ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிட்டார். டைல்ஸ் பதிக்கும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர், நல்ல உடம்பு. “ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கண்ணா, ஸ்பீக்கர்ல போட்டு வையுங்க. போட்டுட்டு இங்க வந்து பிடிங்க, கீழ எறக்கணும்” என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், அக்கா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எறக்காதே. ஏட்டி, நெலத்துல எறக்காதே. மூச்சு உண்டு பாரு, மூச்சு உண்டு.”

“அது மூச்சில்ல அக்கா.”

“பின்ன என்னவாக்கும்? சத்தம் கேக்குல்லியா? உசிரோட உள்ள ஆளை எறக்கச் சொல்றாளே!”

அது மூச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். நர்ஸ் அதைச் செய்தே காட்டியிருந்தாள்; இதயம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வாய் அப்படி இழுக்கும், அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். தெரிந்து என்ன? அக்காவின் முகத்தைப் பார்த்து, கட்டிலிலேயே ஏறி முட்டிபோட்டு, மார்பின் நடுவில் கையை வைத்து அமுக்கினேன். கட்டில் கிறீச்சிட்டது. அத்தான் மொத்தமாக மெத்தைக்குள் இறங்கினார், மொத்தமாக மேலே வந்தார். என் கைக்கு அடியில் நெஞ்செலும்பு கொஞ்சமும் இறங்கவில்லை. அந்த நிமிஷத்திலும் எனக்கு வாலிபால் ஞாபகம் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. அக்காமேல், மெத்தைமேல், அதை வாங்கிக் கொடுத்தவன்மேல், எல்லோர்மேலும். நல்லவேளை வந்தது.

போனில் வழி சொல்லி, அதை ஸ்பீக்கரில் போட்டு வைத்தவரைப் பார்த்து, “அண்ணா, தோளைப் பிடிங்க!” என்று கத்தினேன்.

அவர் பிடித்தார், ஆனால் தயங்கினார். அக்காவைப் பார்த்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தானே. கட்டிலின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பீரோ. ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் கால்மாட்டில் மட்டும்தான் இருந்தது, அதுவும் தெற்கு வடக்காக.

“டீச்சரே, தலை தெக்கே வருமே” என்றார்.

“வரட்டும்.”

“வடக்கே திருப்பிக் கெடத்தட்டா?”

வடக்கே தலை வைத்தும் படுக்கக் கூடாது என்பது அவருக்குப் பாதியில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அத்தானைக் கையில் தாங்கியபடி அப்படியே நின்றுவிட்டார். திசை பார்க்க வேண்டிய நேரமா அது? “எந்தத் திக்கானாலும் சரி, எறக்குங்கண்ணா!” என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் காலைப் பிடித்து இழுத்தேன். அக்காவின் பிடி விட்டுப்போனது. தலை தெற்கே போய் விழ, அத்தானை வெறுந்தரையில் கிடத்தினோம்.

அக்கா போட்ட ஓலத்தை எழுதத் தெரியவில்லை. அது சாவு வீட்டில் கேட்கும் ஓலம். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு முட்டிபோட்டேன். முழங்கையை மடக்காமல், தோளை நேரே கொண்டுவந்து அமுக்கினேன். இந்த முறை நெஞ்சு இறங்கியது. முதல் சில அமுக்கலிலேயே கைக்கு அடியில் ஏதோ மளுக்கென்று முறிந்தது. விலா எலும்பு முறியலாம், நிறுத்தாதீர்கள் என்று வகுப்பில் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டவள்தான் நான். அத்தானின் எலும்பு என் கையில் முறிந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

அப்போதுதான் அக்கா என் முதுகில் அடிக்க ஆரம்பித்தாள். “கொன்னுட்டியே, கொன்னுட்டியே” என்று இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த அடி கிட்டத்தட்ட நொடிக்கு இரண்டு விழுந்தது. பதற்றத்தில் என் வேகம் எங்கோ தறிகெட்டுப் போயிருந்தது. நெஞ்சு எழும்ப இடமே கொடுக்காமல் குத்திக்கொண்டிருந்தேன். அக்காவின் அடியைக் கேட்டு அதோடு சேர்ந்துகொண்டேன். அடி விழும்போது அமுக்கினேன், கை ஓங்கும்போது விட்டேன். என் அக்கா அன்றைக்குத் தன் புருஷனுக்குத் தாளம் போட்டாள். அது அவளுக்குத் தெரியாது.

போனில் ஒரு பெண்குரல் மலையாளத்தில், நிறுத்தாதீர்கள், வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. களைத்துவிட்டால் ஆழம் குறையும், அதற்குள் ஆள் மாற வேண்டும். அதுவும் பாடத்தில் உண்டு. “நீங்க வாங்கண்ணா” என்றேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கையைப் பிடித்து இடத்தில் வைத்து, “முழங்கைய மடக்காதீங்க, அமுக்கிட்டு விடுங்க, கையை மட்டும் எடுக்காதீங்க” என்றேன். தரையில் முட்டிபோட்டு டைல்ஸ் பதித்த உடம்பு. இரண்டாவது அமுக்கலிலேயே பிடித்துக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். அடிக்க முதுகு இல்லாமல் போனதால் அக்கா தரையை அடித்துக்கொண்டிருந்தாள். எதற்கோ பயந்து தலையைக் கிழக்கே திருப்பலாமா என்று அவர் நடுவில் ஒரு தடவை கேட்டார். அவரை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, மெஷினை ஒட்டி, எல்லோரையும் விலகச் சொல்லி ஷாக் கொடுத்தார்கள். மறுபடி அமுக்கினார்கள், மறுபடி ஒன்று கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, “உண்டு” என்றார். அந்த ஒரு சொல்தான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அத்தான் பிழைத்தார். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது, அதை எடுத்தார்கள். முறிந்த விலா எலும்புதான் அவரை அதிகம் படுத்தியது. வீட்டுக்கு வந்த பிறகு நான் அவரைச் சும்மா விடவில்லை. போய்விட்டு வந்த ஒருவர் கையில் கிடைத்தால் கேட்காமல் இருக்க முடியுமா? என்ன தெரிந்தது, என்ன கேட்டது, வெளிச்சம் கிளிச்சம் ஏதாவது உண்டா என்று துளைத்தேன்.

“புளிசேரி தின்னது ஓர்மை உண்டு. பின்ன ஆஸ்பத்திரிக் கூரை. நடுவுல ஒண்ணும் இல்ல பிள்ளே” என்றார் அத்தான். “பஸ்ஸில உறங்கிப்போனாக்கூட ரோடு ஓடினது தெரியும். இது அதுவும் இல்ல.” பிறகு அவர் ஒன்று கேட்டார். “நெலத்துல எறக்கினியாமே. தலை எந்தப் பக்கம்?”

“தெக்கே.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தார். ஊரில் எல்லோருக்கும் சிரிப்பு வரவில்லை. தெற்கே தலைவைத்து இறக்கிய ஆள் எழுந்து வந்தது நல்லதற்கில்லை, ஏதாவது பரிகாரம் செய்ய வேண்டும் என்று உறவில் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அவர்களுக்கு அத்தானே காப்பி கொண்டுபோய்க் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார்கள்.

அக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. போனால் சோறு போடுவாள், கூட்டு இன்னும் கொஞ்சம் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. தாலியைக் காப்பாற்றிக் கொடுத்தவளிடம் முகத்தைத் திருப்பினால் என்ன அர்த்தம்? நாமும் பேச வேண்டாம் என்று நானும் வீம்பாக இருந்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அதே கேள்விதான். அவளுக்கு என்மேல் கோபம் எதற்கு? உயிரோடு இருந்தவரை இறக்கினேன் என்றா? தெற்கே வைத்தேன் என்றா? எலும்பை முறித்தேன் என்றா?

போன மாதம் போயிருந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அத்தானின் அறைக்குப் போனேன். அறை அகலமாகிக் கிடந்தது. கட்டிலைக் காணவில்லை, அந்த மெத்தையையும் காணவில்லை. சுவரோரம் இரண்டு கோரைப்பாய் சுருட்டி வைத்திருந்தது. அத்தான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார்.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“கட்டில் எங்க?” என்றேன்.

“கொடுத்தாச்சு.” இத்தனை நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் சொல் அது.

“ரெண்டு பேரும் நெலத்துலயா கெடக்குறீங்க? அத்தானுக்கு முதுகு என்னாகும்?”

“வலிச்சா வலிக்கட்டு.” துருவுவதை நிறுத்தாமலே கேட்டாள்: “அண்ணைக்கு நான் கட்டிலப் பிடிச்சோண்டு எத்தர நேரம் நிண்ணேன்?”

“கொஞ்ச நேரந்தான்.”

“கொஞ்ச நேரம்ணா எத்தர?”

எதற்கும் எவ்வளவு, எவ்வளவு என்று கேட்டே பழகிய எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அரை நிமிஷமாக இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். தெரியவில்லை என்றேன்.

அக்கா துருவலை வழித்துத் தட்டில் தட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தபோது கண் நிறைந்திருந்தது.

“அதாக்கும். நெலத்துலயே கெடந்தா எறக்க வேண்டாம்ட்டி. எறக்க விடாம கட்டிலப் பிடிச்சு நிக்க நானும் வேண்டாம் பாத்தியா.”